குதிரைவெளிக்குள் கடல்

சிப்பிகாட்
போர்ட் பிளேர் வழி
9.2.1969

சௌபாக்கியவதி மகள் நீலாவதிக்கு அப்பா பக்தவத்சலம் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் குதிரைகளும் சுகம். இடுப்பு வலி இருக்கிறது. அது என்னை விட்டுப் போகாது, அதைப் பற்றி விசாரிக்க வேண்டாம். நீயும் மாப்பிள்ளை திருநாவுக்கரசும் கார் நிக்கோபாரில் சுகமாக இருப்பதை எழுதவும். போன கப்பலில் உன் கடிதம் இல்லை.

ருக்கு குட்டி போட்டிருக்கிறது. பெண் குட்டி, நெற்றியில் வெள்ளை. செல்லம் என்று கூப்பிடுகிறேன். பிறந்த அன்றே எழுந்து நின்று தன் தாயின் வாலைக் கடித்தது.

இனி வயிற்றைக் குமட்டும் விஷயம். காண்ட்ராக்டர் உதயசூரியன் ஜீப்பில் வந்து குதிரைவெளியில் இறங்கினான். உடம்பெல்லாம் சென்ட் வாசனை. குதிரைச் சாணியை மிதித்துவிட்டு என் மண்வெட்டியிலேயே செருப்பைத் துடைத்தான்.

"பெரியவரே, இவ்வளவு நல்ல இடம் சும்மா கிடக்குதே" என்றான்.

"சும்மா கிடக்கல. குதிரை மேயுது, கண்ணு தெரியலையா?"

"மூணு மட்டக்குதிரைக்கு இவ்வளவு ஜமீனா? ரோடு வந்தாச்சு, லாரி வந்தாச்சு. இனிமே உங்க குதிரை முதுகுல யாரு அரிசி ஏத்துவா? இங்க ஒரு மரக்கிடங்கு போடலாம். மேல லாட்ஜ். பக்கத்துல சின்னதா ஒரு சாராயக் கடை. மெயின்லேண்ட்லேருந்து ஆளுங்க வந்து தங்குவான்."

"மலைமேல மேட்டு பஸ்திக் குடியிருப்புக்கு உங்க லாரி போகுமா? போன வெள்ளிக்கிழமை அங்க அரிசி கொண்டுபோனது என் குதிரைதான். வேணும்னா லாட்ஜை அங்க கட்டுங்க. செங்கல்லை நான் ஏத்தி அனுப்புறேன்."

சிரித்தான். சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறிப் போய்விட்டான்.

உனக்கே தெரியும். ரோடே இல்லாத காலத்தில், காட்டை வெட்டிக் குடியேறியவர்களுக்கு அரிசியும் விதையும் மண்ணெண்ணெயும் சுமக்கத்தான் சர்க்கார் என் குதிரைகளுக்கு இந்தத் தாழ்நிலத்தைக் கொடுத்தது. குதிரை மேயும் வரை நிலம் எங்களிடம் இருக்கலாம் என்பது பேச்சு. அப்போது இது உவர் சேறு. கடல் வந்து போகும். கரை போட்டு, மதகு வைத்து, மழைத்தண்ணீரை விட்டு விட்டு உப்பைக் கழுவி, அருகம்புல் நட்டு வளர்த்தது நான். உன்னைக் கட்டுவதற்கு முந்தைய வருஷம், மாப்பிள்ளை இங்கே வேலை மேஸ்திரியாக இருந்தபோது, இடுப்பளவு சேற்றில் என்னோடு நின்று மதகை வைத்தார். அவரை ஒரு தடவை வரச் சொல். சர்க்கார் உத்தியோகஸ்தர் பக்கத்தில் நின்றால் இந்த மாதிரி ஆட்கள் வாலைச் சுருட்டிக்கொள்வார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே தேங்காய்த் தண்ணீரையே குடித்துக்கொண்டு இருக்காதே, சளி பிடிக்கும்.

அப்பா


கார் நிக்கோபார்
3.3.1969

அன்புள்ள அப்பாவுக்கு நீலா வணக்கம். நாங்கள் நலம். உங்கள் இடுப்புக்கு இவர் இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு தைலம் வாங்கியிருக்கிறார். கப்பலில் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். செல்லத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ருக்கு என் சடையைக் கடித்தது நினைவிருக்கிறதா? தாயைப் போலவே குட்டியும்.

உங்கள் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "உங்கப்பாவுக்கு நீயே பதில் எழுது. நான் எழுதினா என்மேல குதிரையை ஏவி விட்டுடுவார்" என்றார்.

நாலு வருஷமாக இவர் சென்னைக்கு மாற்றல் கேட்டு அலைகிறார். இங்கே மழை பிடித்தால் வாரக்கணக்கில் கப்பல் கிடையாது. எனக்கும் சலித்துவிட்டது அப்பா. மாற்றல் கிடைத்தால் நீங்களும் எங்களுடன் வந்துவிடலாம். குதிரைகளை மேட்டு பஸ்திக்காரர்களே வாங்கிக்கொள்வார்கள் என்கிறார் இவர்.

உதயசூரியன் இங்கேயும் வருவார். புதுக் குவார்ட்டர்ஸ் வேலை அவருடையது. வந்தால் நம் வீட்டில்தான் சாப்பாடு. போர்ட் பிளேரில் அவருக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்களாம். மாற்றலுக்குச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

கோபப்பட வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடவும்.

நீலா


சிப்பிகாட்
21.3.1969

நீலாவதிக்கு அப்பா எழுதுவது. சுகம். தைலம் வேண்டாம்.

அவன் உன் வீட்டில் சாப்பிட்டானா? உன் கையால் பரிமாறினாயா? என் மண்வெட்டியில் சாணி துடைத்தவன் என் மகள் வீட்டுத் தட்டில் சாப்பிட்டிருக்கிறான். இதைப் படித்துவிட்டு நான் போய் வாய் கொப்பளித்தேன்.

மாப்பிள்ளைக்கு இதைப் படித்துக் காட்டு. சென்னைக்கு நான் வரமாட்டேன். அங்கே மாடியில் உட்கார்ந்து தெருவை எட்டிப் பார்ப்பதற்கு நான் காக்கை இல்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன், யுத்தத்தில் பர்மா எல்லை வரை கோவேறு கழுதை ஓட்டியவன். எழுதிக் கொடுத்த கட்டளையைப் படிக்கத் தெரியாமல் உதை வாங்கி, நானாகவே எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டவன். எனக்கு யாரும் இடம் பார்த்து வைக்க வேண்டாம்.

ஜெய்னுதீன் கடையில் கொள்ளு வாங்கப் போனேன். அங்கேயும் இதே பேச்சு. "பாய், லாட்ஜ் வந்தா எனக்கும் வியாபாரம்தானே" என்று ஒருவன் சொல்கிறான். ஜெய்னுதீன் அவனிடம், "லாட்ஜ் வந்தா நீ அங்கதான் படுப்பே, உன் வியாபாரத்தை யாரு பாக்குறது?" என்று கேட்டான். ஜெய்னுதீன் ஒருத்தனுக்குத்தான் இந்தத் தீவில் வெட்கம் மிச்சம் இருக்கிறது.

செல்லம் புல் கடிக்கத் தொடங்கியிருக்கிறது. துப்பிவிடுகிறது, பிறகு மறுபடியும் கடிக்கிறது.

மாப்பிள்ளை எப்போது வருகிறார்?

அப்பா


கார் நிக்கோபார்
14.4.1969

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நலம்.

இவர் ஸ்டோர் சாமான் எடுக்க அடுத்த கப்பலில் போர்ட் பிளேர் வருகிறார். உங்களை வந்து பார்ப்பார். முறுக்குச் சுட்டு ஒரு டப்பாவிலும், புகையிலை ஒரு பொட்டலத்திலும், அந்தத் தைலத்தையும் கொடுத்தனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

அவர் ஏதாவது பேசினால் பொறுமையாகக் கேளுங்கள். அவரும் நல்லதுக்குத்தான் சொல்கிறார்.

நீலா


சிப்பிகாட்
9.5.1969

நீலாவதிக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். மற்றதைக் கேள்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ரேஷன் அரிசி மேட்டு பஸ்திக்குப் போகும், அன்று இரவு நான் அங்கேயே தங்குவேன் என்பது சிப்பிகாட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்த மாதம் அது பௌர்ணமியில் விழுந்தது. அலமு, துரை இரண்டு குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு போனேன். ருக்குவையும் செல்லத்தையும் வெளியில் விட்டிருந்தேன். மதகை மூடிவிட்டுத்தான் போனேன்.

காலையில் இறங்கி வரும்போது பக்கத்து வயல் வங்காளி ஹரிபதோ பாதி வழியில் ஓடி வந்தான். "சாச்சா, சமுந்தர் அந்தர் ஆ கயா!" என்று, கடல் உள்ளே வந்துவிட்டதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டான். வந்து பார்த்தால் குதிரைவெளி முழுவதும் கடல். என் புல்லுக்கு மேல் மீன் ஓடுகிறது. ருக்கு மேட்டில் நின்றது. செல்லம் அதன் வயிற்றுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. குதிரைகள் குடிக்கும் குளமும் உப்பாகிவிட்டது.

கரை உடையவில்லை. மதகுப் பலகைகளை யாரோ எடுத்திருக்கிறார்கள். அந்தப் பலகைகள் எங்கே இருந்தன என்று எழுதுகிறேன், கவனமாகப் படி. கண்டல் மரத்து நிழலில், கீழ்ப்பலகை மேலே வரும்படி வரிசையாக அடுக்கி, ஈரச் சாக்கு சுற்றி வைத்திருந்தது. வெயில் பட்டால் படாக் மரப் பலகை முறுக்கிக்கொள்ளும், பிறகு மதகின் காடிப் பள்ளத்துக்குள் இறங்காது. அதனால் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் வைக்க வேண்டும். உதயசூரியனின் ஆட்கள் எடுத்திருந்தால் கடலில் எறிந்திருப்பார்கள்.

இதற்கு மேல் எழுதவில்லை.

மாப்பிள்ளை வரவில்லை. முறுக்கு கிடைக்கவில்லை. வியாழக்கிழமை அவரைக் கடைத்தெருவில் பார்த்ததாக ஜெய்னுதீன் சொன்னான். ஆபீஸ் வேலை அதிகம் போலிருக்கிறது.

அப்பா


சிப்பிகாட்
28.5.1969

நீலாவதிக்கு. இரண்டு கப்பல் வந்து போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மட்டுமாவது எழுதிப் போடு.

செல்லம் செத்துப்போயிற்று. குளத்துத் தண்ணீர் குடித்து வயிறு ஊதிக் கிடந்தது. ஹரிபதோ வீட்டுக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து வாயில் விட்டோம், உள்ளே இறங்கவில்லை. கரைக்குப் பக்கத்தில் புதைத்தேன். ருக்கு அந்த இடத்தை விட்டு நகர மறுக்கிறது. புல் எல்லாம் கருகி, தீ வைத்த மாதிரி கிடக்கிறது. மிதித்தால் காலுக்கடியில் உப்பு நொறுங்குகிறது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

செத்த குட்டியின் மண் காய்வதற்குள் உதயசூரியன் மனுக் கொடுத்துவிட்டான். கரை பழசு, கடல் எப்போதும் உள்ளே வரும், இனி இது மேய்ச்சலுக்கு உதவாத நிலம், மரக்கிடங்குக்குக் கொடுங்கள் என்று. பிணத்தின் மேல் உட்கார்ந்து விலை பேசுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். அவன் பக்கத்தில் நின்ற காற்றைக்கூட நான் மூக்கில் வாங்க மாட்டேன்.

தாசில்தார் விசாரணைக்கு வருகிறார். பலகையை எடுத்தது யார் என்று கேட்பார்கள். யார் எடுத்தார் என்று நான் சொன்னால் அந்த ஆளின் உத்தியோகம் போகும், ஜெயிலும் உண்டு. சொல்லாவிட்டால் கரை தானாக உடைந்தது என்று எழுதி என் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள்.

எனக்குப் பொய் வராது என்று உனக்குத் தெரியும்.

அப்பா


கார் நிக்கோபார்
16.6.1969

அன்புள்ள அப்பாவுக்கு நீலா வணக்கம். நான் உடம்புக்கு நலமாக இருக்கிறேன். மழை தொடங்கிவிட்டது. கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஆசியா அக்காவுக்குப் பையன் பிறந்திருக்கிறான். கொப்பரைத் தேங்காய் காயாமல் எல்லார் வீட்டிலும் பூஞ்சை நாற்றம்.

கடல் உள்ளே வந்ததை நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

இவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து துணி உலர்த்தினேன். நான் கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா அடியில் இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. தைலமும் புகையிலையும் அப்படியே இருந்தன. ஒரு காற்சட்டையில் தொடை வரை கறுப்புச் சேறு காய்ந்திருந்தது. போர்ட் பிளேர் ஸ்டோரில் அந்தச் சேறு கிடையாது. எனக்கு அது எந்தச் சேறு என்று தெரியும், அதில் விளையாடித்தான் வளர்ந்தேன். துவைத்தேன். போகவில்லை. மறுபடியும் துவைக்கவில்லை. கொடியில் அவர் பார்க்கும்படி போட்டிருக்கிறேன். அவர் அதை எடுக்கவும் இல்லை, ஏன் போட்டிருக்கிறாய் என்று கேட்கவும் இல்லை.

செல்லத்தைப் பற்றி எழுதியதை மட்டும் அவரிடம் படித்துக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கை கழுவிவிட்டு எழுந்து போனார். அன்று வந்த உதயசூரியனுக்கு நான் இலை போடவில்லை. "என்ன தங்கச்சி, சமையல் ஆகலையா?" என்று கேட்டார். "ஆச்சு. உங்களுக்கு ஆகலை" என்றேன்.

விசாரணையில் நீங்கள் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லுங்கள் அப்பா. வேண்டாம் என்று நான் கேட்கமாட்டேன். கேட்டால் அப்புறம் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

நீலா


சிப்பிகாட்
4.7.1969

மகள் நீலாவதிக்கு அப்பா ஆசீர்வாதம். உன் கடிதம் விசாரணைக்கு முதல் நாள்தான் கிடைத்தது.

தாசில்தார் மலையாளத்து ஆள். தமிழ் பேசுவார். உதயசூரியன் தரையைக் காட்டி, "பாருங்க சார், கரை செத்த கரை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி தண்ணி வந்துடும்" என்றான். ஹரிபதோ பொறுக்கமாட்டாமல், "ஜூட் போல்தா ஹை!" என்று கத்தினான். பொய்யன் என்று சொல்ல அவனுக்குத் தமிழ் வேண்டியிருக்கவில்லை.

தாசில்தார் இருவரையும் கையமர்த்திவிட்டு, "பௌர்ணமி நாளைக்கல்லே? ஞான் இருந்து பார்த்தால் தீர்ந்தது. ரெண்டு பேரும் கூட இருக்கணும்" என்றார். நல்ல மனுஷன்.

மறுநாள் பலகைகளை இறக்கினேன். ஒன்றும் முறுக்கவில்லை, எல்லாம் காடியில் வழுக்கிக்கொண்டு இறங்கின. தண்ணீர் ஏறிக் கரையை முட்டியது. தாசில்தார் குடையைப் பிடித்துக்கொண்டு மதகின் மேலேயே உட்கார்ந்திருந்தார். உதயசூரியன் ஜீப்புக்குள் கொசுவை அடித்துக்கொண்டு இருந்தான். சென்ட் வாசனைக்குக் கொசு அதிகம் வரும் போலிருக்கிறது. உள்ளே ஒரு கை நீர்கூட வரவில்லை.

தண்ணீர் இறங்கியதும் தாசில்தார் கேட்டார். "கரைக்குக் கேடில்லை. அப்போ பலகை எடுத்தது ஆரு?"

உதயசூரியன் என் வாயையே பார்த்தான். அவன் முகத்தில் பயம் இல்லை. நான் சொல்ல மாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. என் வீட்டு ஆளைப் பிடித்து என் வாயைக் கட்டியிருக்கிறான்.

"சார், கரையைப் பத்தி விசாரிக்க வந்தீங்க. கரை நல்லா இருக்கு. ஆளைப் பத்தின மனு யாரும் குடுக்கல, நானும் குடுக்கல" என்றேன்.

அவர் குடையை மடக்கினார். பிறகு தீர்ப்பு மாதிரி ஒன்று சொன்னார். கிடங்கு மனுவை அவர் நிறுத்தி வைக்கிறார். ஆனால் பொங்கலுக்கு மறுபடி வரும்போது இங்கே புல்லும் அதில் குதிரையும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இது சும்மா கிடக்கும் நிலம், அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அது நியாயம்தான். பேச்சும் அதுதானே.

இந்த மழையில்தான் உப்பைக் கழுவியாக வேண்டும். கடல் ஏற்றத்துக்குப் பலகை போட வேண்டும், வற்றத்துக்கு எடுத்து உப்புத்தண்ணீரை வெளியே விட வேண்டும். பகலும் இரவும், ஒரு வேளை தவறாமல். இடையில் குதிரைகளுக்கு மலையிலிருந்து புல் அறுத்துத் தலையில் கொண்டுவர வேண்டும். நேற்று நாலாவது பலகையைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஹரிபதோ வந்து தூக்கிவிட்டான். அவனுக்கும் நடவு இருக்கிறது.

உன் தாலிக்காக வாயை மூடினேன். மூடிய வாய் கசக்கிறது. அதைத் தெரிந்துகொள்.

அப்பா


கார் நிக்கோபார்
25.7.1969

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு திருநாவுக்கரசு வணக்கம். தங்கள் உடல்நலம் அறிய ஆவல்.

இதுவரை நான் தங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை. நீலாதான் எழுதுவாள். இப்போது அவள் என்னிடம் சாப்பிட வாருங்கள், விளக்கை அணையுங்கள் என்பதற்கு மேல் பேசுவதில்லை. தாங்கள் எழுதிய கடிதங்களை எல்லாம் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். எல்லாவற்றையும் படித்தேன்.

மாற்றல் மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டேன். சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பொங்கல் வரைக்கும். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அடுத்த கப்பலில் வருகிறேன். நீலாவும் வருகிறாள்.

பலகைகள் வளையாமல் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அடிப்பலகையில் வலது ஓரம் கொஞ்சம் பிளந்திருந்தது. அதில் தார் பூச வேண்டும். கொண்டுவருகிறேன்.

திருநாவுக்கரசு


சிப்பிகாட்
11.8.1969

மாப்பிள்ளை திருநாவுக்கரசு அவர்களுக்கு பக்தவத்சலம் எழுதுவது. நான் சுகம். உங்கள் சுகத்தை இந்தக் கடிதத்தில் நான் விசாரிக்கவில்லை.

அடிப்பலகைப் பிளவு எனக்குத் தெரியும். அது அந்த ராத்திரி நீங்கள் எடுத்தபோது உண்டானது. தார் கொண்டு வாருங்கள்.

வருவதற்கு முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீலாவதி என் வீட்டில் இருப்பாள். நீங்கள் மதகுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் கொட்டகையில் இருப்பீர்கள். ஏற்றமும் வற்றமும் உங்கள் பொறுப்பு. ஒரு வேளை தவறினாலும் அதுவரை கழுவிய உப்பு எல்லாம் திரும்பி வந்துவிடும், உங்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பகலில் மலைக்குப் போய்ப் புல் அறுக்க வேண்டும். நல்ல அரிவாள் கொண்டு வாருங்கள், என்னுடையதைத் தரமாட்டேன். சோறு நீலாவதி கொண்டுவந்து கொடுப்பாள். புல் முளைத்து, அதைக் குதிரை மேய்வதை நான் கண்ணால் பார்க்கும் வரை நீங்கள் என் வாசற்படி ஏறக் கூடாது. முளைத்த பிறகும் ஏறலாமா என்று அப்போது யோசிப்பேன்.

உதயசூரியன் நேற்று ஜீப்பில் வந்தான். "மாப்பிள்ளை வர்றாராமே, அவரோட பேசிக்கறேன்" என்றான். "பேசுங்க. மதகுல சேத்துக்குள்ள நிப்பாரு, அங்க வந்து இறங்கிப் பேசுங்க" என்றேன். செருப்பைப் பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

கரையோரத்தில் ஒரு சின்ன மண்மேடு இருக்கும். அதன்மேல் நடக்காதீர்கள்.

ருக்கு அங்கேதான் நிற்கும். உங்களைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்ளும். குதிரைக்கு இந்த விஷயத்தில் புத்தி கிடையாது. யார் என்ன செய்தார்கள் என்று அதற்குத் தெரியாது. உங்கள் கையை முகர்ந்து பார்த்துவிட்டுத் தோளில் தலையை வைத்துக்கொள்ளும். வைத்துக்கொள்ளட்டும், தள்ளிவிட வேண்டாம். என்னிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.

பக்தவத்சலம்